சாலையோரத்துக்கு டிக்கெட் கிடையாது

கே: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆல்ப் துவெஸ் மலைச்சாலையில் 'ஓரத்தில் உறுதியான இடம்' என்று இணையத்தில் 80 யூரோ வாங்கினார்கள். அங்கே போனால் இடமும் இல்லை, ஆளும் இல்லை. (லா கூர்னெவ் வாசகர்)

ப: படித்ததும் வயிறு எரிந்தது. அது பொதுச்சாலை. ஓரமாக நின்று பார்க்க யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். விருந்துக் கூடாரம், பேருந்து, தங்குமிடம் இவற்றுக்குத்தான் பணம் கேட்கலாம். அந்த விளம்பரம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கி அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கிக்கு எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிரெஞ்சு அரசின் சிக்னல்கான்சோ தளத்திலும் புகார் பதியுங்கள். ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கே: விளம்பர வண்டிகள் வீசும் சிவப்புப் புள்ளித் தொப்பியை எங்கே வாங்கலாம்?

ப: வாங்காதீர்கள். அது இலவசம். வீரர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்த வண்டிகள் வந்துவிடும். அப்போது அங்கே நில்லுங்கள்.

கே: பேருந்துச் சுற்றுலாவில் குடும்பத்தோடு ஒரு நாள் பார்க்க ஆசை. எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது?

ப: விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். சமதளச் சாலையில் 170-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே கூட்டமாக, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வருவார்கள். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். என் முதல் பயணத்தில் அப்படி ஒரு நாளுக்குத்தான் பணம் கட்டினேன். வெயிலில் ஐந்து மணி நேரம் காத்திருந்த என் மகள், தண்ணீர் குடிக்கக் குனிந்த நேரத்தில் வீரர்கள் போய்விட்டார்கள். அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. மலையேற்றத்தில் கூட்டம் சிதறிவிடும், முகம் பார்க்கலாம். ஆல்ப் துவெஸ் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவு நெதர்லாந்து ரசிகர்களின் கோட்டை, குழந்தைகளோடு போனால் அதைத் தவிருங்கள். இவற்றைவிட நேர ஓட்ட நாள் (தனித்தனியாக சைக்கிள் ஓட்டி நேரம் பார்க்கும் நாள்) நல்லது. ஒவ்வொருவராகக் கிளம்புவதால் மணிக்கணக்கில் பார்க்கலாம். 'இது எந்த வகை நாள்?' என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கே: காலை பத்து மணிக்கு மலையடிவாரம் போனோம். சாலை மூடியிருந்தது, திரும்பிவிட்டோம். வாடகைக் கார், விடுதிப் பணத்தை யாரிடம் கேட்பது?

ப: யாரிடமும் கேட்க முடியாது. சாலை மூடும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பார்கள். நீங்கள் பார்க்கவில்லை. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் தேதி குறித்த விடுதி முன்பதிவுக்குப் பொருந்தாது.

கே: நீளமான செல்ஃபி குச்சி வாங்கிவிட்டேன். கொண்டுபோகலாமா?

ப: கூடாது. 2018-ல் இதே ஆல்ப் துவெஸில் ஒரு பார்வையாளரின் கேமரா வாரில் சிக்கி விழுந்த இத்தாலிய வீரர் நிபாலிக்கு முதுகெலும்பு முறிந்தது. 2021-ல் ஒருவர் கேமராவைப் பார்த்தபடி நீட்டிய வாசக அட்டையில் ஜெர்மன் வீரர் டோனி மார்ட்டின் மோதி, பின்னால் வந்தவர்கள் கொத்தாக விழுந்தார்கள். அட்டை நீட்டியவருக்கு நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் விதித்தது. பில் இருந்தால் குச்சியைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.