குடும்ப வன்முறை: சி.எஸ்.ஆர். ரசீதுக்கு அடுத்து என்ன? (கேள்வி பதில்)

கேள்வி: கணவர் அடித்ததாக மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, சமாதானமாகப் போவதாக எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். மறுவாரமே மறுபடி அடி.

பதில்: சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமை, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 85-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முதற்கட்ட விசாரணை வேண்டுமென்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். பிறகும் பதியவில்லையா? மனுவின் நகலை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு. தபால் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) இதற்கான வழி.

எழுதிக் கொடுத்த சமாதானக் கடிதம் உங்கள் கையைக் கட்டிவிடாது. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வன்முறை இது முதல் தடவை இல்லை என்று மாஜிஸ்திரேட்டுக்குக் காட்ட உதவும். அடி வாங்கியவரையும் அடித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து 'இரண்டு பேரும் அனுசரித்துப் போங்கள்' என்று பேசுவது பஞ்சாயத்து. சட்டம் அதற்காக இயற்றப்படவில்லை.

கேள்வி: அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம். அடிக்காமல் இருந்தால் போதும். அதற்கு வழி உண்டா?

பதில்: பலரும் கேட்பது இதைத்தான். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இதற்காகவே வந்தது. 12-ஆம் பிரிவில், படிவம் 2-ல், 'அடிக்கக் கூடாது' என்று பாதுகாப்பு உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு. நீங்களே கொடுக்கலாம், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமும் கொடுக்கலாம். அவர் படிவம் 1-ல் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து அனுப்புவார். அடிக்குப் பயந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். தற்காலிகமாகத் தங்கும் இடமும் 27-ஆம் பிரிவின்படி செல்லும்.

பெரும்பாலான மனுக்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சட்டப்படி முதல் வாய்தா 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே மனு கொடுக்கும் அன்றே 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். அதற்குப் படிவம் 3-ல் பிரமாணப் பத்திரம் வேண்டும். 'பல ஆண்டுகளாகக் கொடுமை' என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. கடைசி மூன்று நான்கு சம்பவங்களை தேதி, நேரம், எதனால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அவசரம் புரிந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

இந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். உத்தரவு நகல் இலவசம்; ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: வீடு மாமியார் பெயரில். 'என் வீட்டை விட்டு வெளியே போ' என்கிறார்.

பதில்: திருமணமாகி அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் அது சட்டம் சொல்லும் 'பகிர்ந்து வாழ்ந்த வீடு', அதாவது மனைவிக்குத் தங்க உரிமையுள்ள வீடு ஆகலாம் என்று 2020-ல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தங்கும் உரிமை, சொத்துரிமை கிடையாது. அங்கே இருப்பது ஆபத்து என்றால் 19-ஆம் பிரிவில் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ கேளுங்கள். அம்மா வீட்டில் போட்ட நகை, சீர்ப் பாத்திரங்களைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவையும் அதே மனுவில் கேட்கலாம். பில், கல்யாண போட்டோ, வீடியோவில் தெரியும் நகைகளைப் பட்டியலிட்டு இணையுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் பயந்துபோய் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிட்டேன்.

பதில்: எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-ல், நீங்கள் சொன்னது அப்படியே ஏறும். ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடாது. அப்போது பக்கத்தில் யார் நின்றார், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முழங்கைக்கு மேலே விரல் பதிந்த கன்றல் வழுக்கி விழுந்தால் வராது. காயத்தின் இடமும் வடிவமும் பேசும். அடுத்த முறை, கடவுள் புண்ணியத்தில் வராமல் போகட்டும், 'கணவர், இன்ன பொருளால், இத்தனை மணிக்கு, வீட்டில்' என்று சொல்லி ஏ.ஆர். நகல் கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸப்பில் மிரட்டிய ஆடியோ இருக்கிறது. போதுமா?

பதில்: ஃபோனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் தினமும் அலறல். தலையிட்டால் நம் மேல் கேஸ் வருமா?

பதில்: வராது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்பவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. அடி நடந்துகொண்டிருந்தால் 112, மற்ற நேரத்தில் 181. 'அது அவங்க குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்துபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: வழக்கு வரும்போது நாலு சுவருக்கு வெளியே இருந்து பேசக்கூடிய சாட்சி நீங்கள் மட்டும்தான்.

கேள்வி: பலாத்காரத்துக்கு எல்லோரையும் தூக்கில் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

பதில்: 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு அந்த யோசனையை ஏற்கவில்லை. மனைவி மீதான வல்லுறவையும் குற்றமாக்கச் சொன்னது; அது இன்னும் நடக்கவில்லை. என் கருத்தும் அதுவே: தண்டனையைக் கூட்டுவதைவிட வழக்கைப் பதிவதும் சீக்கிரம் முடிப்பதும் முக்கியம். குடும்ப வன்முறையிலும் அப்படித்தான்: வேறு வேலைகளோடு சேர்த்து இதையும் பார்க்கும் ஒரு பாதுகாப்பு அலுவலரை வைத்துக்கொண்டு மாவட்டம் முழுக்க மனு வாங்க முடியாது. தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் ஊரில் நியமித்தார்களா என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள், எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.

கேள்வி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பதில்: வேண்டாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. ஆதார், திருமணப் பத்திரிகை அல்லது போட்டோ, சி.எஸ்.ஆர்., ஏ.ஆர். நகல்கள் இரண்டு செட் எடுத்துப் போங்கள்.