புறாத்தீவில் நீராட எப்போது செல்வது?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்துடன் திருகோணமலைக்குச் செல்லவிருக்கிறோம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் நெரிசலின்றிப் பிள்ளைகளுடன் கடலில் குளிக்க முடியுமா? அங்கே சுறாக்கள் உண்டு என்கிறார்களே, பயமில்லையா?
– வாசகி ஒருவர், வவுனியா

பதில்: காலத்தைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் கிழக்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றோ நிலத்தைக் கடந்தே இப்பக்கம் வருவதால், அலை அடங்கி, நீர் தெளிந்து, அடியில் கிடக்கும் முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) மேலிருந்தே தெரியும்.

ஆனால் கடல் அடங்கும் மாதங்களில்தான் ஆட்களும் வந்து சேருகிறார்கள். இங்குள்ள இரு தீவுகளில் பெரியதே ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது என்பதால், பத்துப் படகுகள் வந்தாலே கரை நிறைந்துவிடும். ஆகவே வார நாளொன்றில், காலையில் புறப்படும் முதற்படகிலேயே சென்றுவிடுங்கள். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். சில நிமிடப் பயணம். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டுக்கும் படகுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். திரும்பும் நேரத்தைப் படகோட்டியிடம் ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அங்கே காணப்படுபவை பெரும்பாலும் கருமுனைச் சுறாக்கள். ஒன்றரை மீற்றர் அளவு வளரும் இவை சிறு மீன்களைத் தின்பவை. மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை. துரத்தாமலும் தொட முயலாமலும் இருந்தால் அச்சப்படத் தேவையில்லை. உண்மையில் நான் அஞ்சுவது பிள்ளைகளின் பாதங்களை நினைத்துத்தான். கரையெங்கும் இறந்த முருகைக்கற்களின் துண்டுகள் கூராகக் கிடப்பதால், நீருக்குள்ளும் கழற்றாத ரப்பர் காலணி அவசியம். நீந்தத் தெரிந்த பிள்ளையாயினும் உயிர்காப்புச் சட்டையை அணிந்தே இறங்கட்டும்.

களைத்துப்போனால் பவளப்பாறையின் மேல் ஏறி நிற்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கல்லைப் போலத் தோன்றினாலும் அது சின்னஞ்சிறு கடல் விலங்குகள் கூடிக் கட்டிய உயிருள்ள வீடு. பெரும்பாலான வகைகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளர்பவை என்பதால், ஒரு மிதியில் முறிவது மீண்டு வளரப் பல ஆண்டுகள் செல்லும். வெயிலுக்குப் பூசும் களிம்பில் உள்ள சில இரசாயனங்களும் அவற்றுக்குக் கேடு. முழுக்கை நீச்சலுடையே மேல்.

பிரித்தானியர் காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்ட தீவு இது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாகியது. பெயருக்குக் காரணமான மாடப்புறாக்கள் இன்றும் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. நம் வீட்டுப் புறாக்களின் காட்டு மூதாதையர் இவையே என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். அவர்கள் பொறுக்கிய சிப்பியையும் முருகைக்கல்லையும் மட்டும் படகேறுமுன் கரையிலேயே வைத்துவிடச் செய்யுங்கள்.