ஏழு பேர்ச் வீட்டில் ஹோம்ஸ்டே: புரோக்கர் நீட்டும் தாளில் கையெழுத்து வைக்கலாமா?

பதுளை மாவட்டத்து எல்ல நகருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடிக் காணியில் வீடு. ஓர் அறை சும்மா கிடக்கிறது. முற்றத்தில் நின்றால் ரயில் பாதை தெரியும். டவுனிலிருந்து வந்த ஒருவர், "பதிவு, புக்கிங் எல்லாம் நான் பார்க்கிறேன், வருமானத்தில் பாதி எனக்கு" என்கிறார். முற்பணமாக 60,000 ரூபாவும் சில தாள்களில் அப்பாவின் கையெழுத்தும் கேட்கிறார். அடையாள அட்டைப் பிரதியை ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார். கையெழுத்து வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் தம்பி. ஹோம்ஸ்டே தாராளமாக நடத்துங்கள். அந்தத் தாளில் மட்டும் அப்பா கை வைக்கக் கூடாது.

இந்த மாதிரித் தாள்களைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். மூன்று, நான்கு பக்கம் ஆங்கிலம். எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கையெழுத்து வைக்கும் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளடி. மேலே முத்திரை ஒட்டியிருப்பதைப் பார்த்து அரசாங்கத் தாள் என்று பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். நம் இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் காணி, வீட்டுக் குத்தகையும் நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதி பெற்றவர்) முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 முதல் இருக்கிற சட்டம் இது. அப்படியானால் அவருடைய தாள் செல்லாதுதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். குத்தகையாகச் செல்லாத தாளை, வெற்றிடத்தை நிரப்பிக் கடன் பத்திரமாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பதிவுக்குத் தரகர் தேவையே இல்லை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டேக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து விருந்தினரை வைத்துக்கொள்வதுதான் ஹோம்ஸ்டே. விண்ணப்பத்தை நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தை அங்கேயே கட்டி ரசீது எடுங்கள்.

புக்கிங் பக்கம் இன்னும் முக்கியம். பண்டாரவளைப் பக்கத்தில் ஓர் அக்கா இரண்டு வருடம் ரொட்டியும் சம்பலும் செய்து கொடுத்துச் சேர்த்த நல்ல பெயரெல்லாம் ஒரு தரகரின் மின்னஞ்சலில் திறந்த புக்கிங் கணக்கில் இருந்தது. பங்கைக் குறைக்கச் சொன்ன மாதமே அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். அந்த இணையப் பக்கத்தில் வேறொரு வீட்டின் படம் ஏறிவிட்டது. அக்காவின் சமையலைப் புகழ்ந்து வெள்ளைக்காரர்கள் எழுதிய வரிகள் இன்னமும் அந்த வேறு வீட்டுக்குக் கீழே கிடக்கின்றன. ஆகவே மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு மூன்றும் உங்கள் வீட்டாரின் பெயரிலேயே இருக்கட்டும். புக்கிங் தளங்கள் 15 சதவீதம் அளவில் எடுக்கும். அதற்கு மேல் பாதியை ஒரு மனிதருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அடுத்தது காணி. மேடையில் மாலை போட்டுக் கொடுத்த காணித் தாளெல்லாம் உறுதிப்பத்திரம் ஆகாது. உங்கள் தாளில் பதிவு இலக்கம் இருந்தால் பதுளைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். அப்பாவின் பெயரில் பதிவாகியிருந்தால், உறுதியில் உள்ள நிபந்தனைகளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பிரா விஷயம் வேறு. அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் அதிகம் இங்கேதான். புது வீட்டுக்குப் போன பிறகும் சில குடும்பங்கள் பழைய காம்பிராவை விடாமல் வைத்திருக்கின்றன. "வெள்ளைக்காரனுக்கு லயம் பார்க்க ஆசை, வெள்ளையடித்துக் கொடு" என்று தரகர்கள் கேட்கிறார்கள். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது; 1992 முதல் அதில் பெரும்பகுதி கம்பனிகள் கையில், குத்தகையில் இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து இருந்தாலும் காம்பிரா உங்கள் பெயரில் இல்லை. தோட்டத் துரை (மேலாளர்) வாயால் "சரி" என்றது போதாது. துரை மாறினால் அந்தச் சரியும் போய்விடும். வழக்கு உங்கள் மேல்தான் வரும், தரகர் மேல் அல்ல. கம்பனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் காம்பிராவைத் தொடாதீர்கள்.

மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஓர் அறையை வாடகைக்கு விட, துரையிடம் ஒரு கடிதம், கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் "நாளை வா". தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்தவே 2018 வரை ஆனது. கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வாசலில் தமிழில் ஒரு படிவம் வைத்திருந்தால் பாதித் தரகர்களுக்கு வேலையே இருக்காது!

இன்னோர் அறை கட்டும் எண்ணம் இருந்தால், வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டாதீர்கள். முதலில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை. கொஸ்லந்தை மீரியபெத்த 2014 ஒக்டோபர் 29 காலையில் புதைந்தது உங்கள் பதுளை மாவட்டத்தில்தான். ஏழு பேர்ச் சின்ன இடம்தான். மலசலகூடக் குழி பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீருக்கு மேல்பக்கம் வந்துவிடாமல் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கீழ் லயத்துப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

கொடுத்த அடையாள அட்டைப் பிரதிக்கு: தரகருக்குப் பதிவுத் தபாலில், "என் சார்பாக எதையும் செய்ய உங்களுக்கு அனுமதி தரவில்லை" என்று அப்பா திகதியிட்டு ஒரு கடிதம் அனுப்பட்டும். பிரதியையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். இனி யாருக்குப் பிரதி கொடுத்தாலும், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதை அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள்.