இங்கிலாந்துச் சந்தை நகரத்தில் மகளின் பள்ளி: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

லெஸ்டர்ஷயரின் மெல்டன் மௌப்ரேயில் உங்களுக்குச் செவிலியர் பணி கிடைத்ததில் மகிழ்ச்சி. திருச்சியில் மகளிர் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த மகளை அங்குள்ள இருபாலர் பள்ளியில் சேர்க்கலாமா, கிராந்தம் நகரின் பெண்கள் கிராமர் பள்ளிக்கு முயற்சி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயங்காமல் உள்ளூரிலேயே சேருங்கள். கிராமர் பள்ளிகள் தேர்வு வைத்து 11 வயதில் பிள்ளைகளை எடுப்பவை. 13 வயதில் போனால், இடம் காலியாக இருந்தால்தான் உண்டு. தினமும் பக்கத்துக் கவுண்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற வேறொரு பகுதிக்கு, போய்வரும் அலைச்சல் வேறு. இங்கிலாந்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இருபாலர் பள்ளிகள்தான். அதைப் பற்றிய பயம் வேண்டாம்.

நீங்கள் கண் வைக்க வேண்டிய இடம் வேறு. அங்கே வயதைப் பார்த்தே வகுப்பு தருவார்கள். ஆகஸ்ட் 31க்குள் 13 முடிந்திருந்தால் மகளுக்கு 9ஆம் ஆண்டு. 16 வயதில் நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற ஜிசிஎஸ்இ தேர்வு. அதில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஃபவுண்டேஷன் (கீழ்நிலை), ஹையர் (மேல்நிலை) என இரு நிலை வினாத்தாள்கள் உண்டு. மதிப்பீடு 9 வரை இருந்தாலும், ஃபவுண்டேஷன் எழுதும் பிள்ளை அத்தனையும் சரியாக எழுதினாலும் 5க்கு மேல் வாங்க முடியாது. அதற்கு அடுத்து நம் பிளஸ் டூ போல வரும் ஏ லெவல் படிப்பில் கணிதம் எடுக்கவோ 6 அல்லது 7 கேட்பது வழக்கம்.

பேச்சு ஆங்கிலம் தடுமாறும் புதுப் பிள்ளையை, ஃபவுண்டேஷன் எழுதும் கீழ்நிலைக் கணிதக் குழுவில் உட்கார வைத்துவிடும் ஆபத்து உண்டு. காரணிப்படுத்தல் தலைகீழாகத் தெரிந்தவள், பத்தி நீளத்துக்கு வரும் ஆங்கிலக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் நேரம் போய்விடும். அவளுடைய எட்டாம் வகுப்புக் கணித நோட்டைக் கையோடு கொண்டுபோய், முதல் மாதத்திலேயே கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். 'எந்தக் குழு, எந்த வினாத்தாள், எப்போது மறுபரிசீலனை?' என்று நேரடியாகக் கேளுங்கள். பெற்றோர் கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மருத்துவம் அவளுடைய கனவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ லெவலில் வேதியியலும் உயிரியலும் எடுப்பதே பாதுகாப்பான வழி. ஜிசிஎஸ்இயில் மூன்று அறிவியலையும் தனித்தனியாக எடுக்க வாய்ப்பில்லாமல், இரண்டு பாடங்களுக்கு ஈடான கூட்டு அறிவியல் கிடைத்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்கின்றன. ஹையர் வினாத்தாளாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

பள்ளி 16 வயதோடு முடிகிறதா, ஏ லெவலும் அங்கேயே உண்டா என்பதையும் விசாரியுங்கள். வீட்டு முகவரி உறுதியானதும், கவுண்டி கவுன்சிலின் பள்ளிச் சேர்க்கைப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள்.