ஸ்டவ் கேட்பது இரண்டு ஒயரைத்தான்: பெல்லட் ஸ்டவ் தெர்மோஸ்டாட் கேள்வி பதில்

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்தால் 'டிக்' சத்தம் கேட்கிறது. ஆனால் பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு கட்டிகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) பற்றவே மாட்டேன் என்கிறது. புது தெர்மோஸ்டாட் மாட்டியும் அதே கதைதான். எங்கே தொடங்குவது?

பதில்: மூன்றாவது ஒன்றை வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான பெல்லட் ஸ்டவ்களுக்குத் தெர்மோஸ்டாட் என்பது வெறும் சுவிட்சு. அறை குளிர்ந்தால் ஸ்டவ்விலிருந்து வரும் இரண்டு ஒயரையும் சேர்க்கும், சூடேறியதும் பிரித்துவிடும். அந்த வேலையை ஒரு துண்டுக் கம்பியை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் ஸ்டவ் நன்றாக ஆறட்டும். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். ஆஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது. பின்பக்கத்தில் தெர்மோஸ்டாட் ஒயர்கள் மாட்டும் சின்ன டெர்மினலுக்குப் பக்கத்திலேயே மெயின் கரண்டும் இருக்கும். தெர்மோஸ்டாட் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலையும் ஜம்பர் கம்பியால் இணையுங்கள். பிளக்கை மாட்டி, தெர்மோஸ்டாட் மோடில் ஓட விடுங்கள். அப்போதும் பற்றவில்லையா? தெர்மோஸ்டாட்டைத் திட்டிப் பயனில்லை, கோளாறு ஸ்டவ் பக்கம். சரியாக மூடாத கதவு, காற்றிழுப்பைக் கவனிக்கும் வேக்குவம் சுவிட்சு, தீ மூட்டும் இக்னைட்டர் என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் கன்ட்ரோல் போர்டைச் சந்தேகப்படுங்கள்.

பற்றிக்கொண்டால், மறுபடி ஆறவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி, ஜம்பரை எடுத்துவிட்டு ஒயர்களைப் பழையபடி மாட்டுங்கள். அப்புறம் இதே சோதனையைச் சுவர்ப் பக்கம் செய்யுங்கள்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒயர் முனைகள் இரண்டையும் ஒன்றாக முறுக்குங்கள். இப்போது பற்றினால் ஒயர் நன்றாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டில் தப்பான இடத்தில் மாட்டியிருப்பீர்கள். தெர்மோஸ்டாட்டில் ஆர், டபிள்யூ என்று எழுதிய இரண்டு டெர்மினலும்தான் சூட்டுக்கு. ஒய் ஏசிக்கு, ஜி ஃபேனுக்கு. ஆர்எச், ஆர்சி என்று தனித்தனியாக இருந்தால் ஆர்எச்சில் மாட்டுங்கள்.

பற்றவில்லை என்றால் ஒயரில்தான் வினை. சுவர்ப் பக்கம் முறுக்கியது அப்படியே இருக்க, ஸ்டவ் பக்க முனைகளைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 10 மீட்டர் தூரத்துக்கு 18 கேஜ் தாமிர ஒயர் போய்த் திரும்ப அரை ஓம் கூட வராது. மீட்டர் அசையவே இல்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் காட்டினால் நடுவில் ஏதோ ஓர் இணைப்பு பச்சை பிடித்திருக்கும். புதுசு மாட்டியும் மாறவில்லை என்கிறீர்களே, என் சந்தேகம் இந்த ஒயர் மேல்தான்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. தெர்மோஸ்டாட்டை எவ்வளவு குறைத்தாலும் ஸ்டவ் அணையவில்லை.

பதில்: சிறு தீயில் எரிந்துகொண்டே இருக்கிறதா, முழு வேகத்திலா? சிறு தீ என்றால் பழுதே இல்லாமல் இருக்கலாம். பல மாடல்களில் இரண்டு மோடு உண்டு: ஒன்றில் அறை சூடானதும் ஸ்டவ் அணையும், மற்றதில் தீயை மட்டும் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். மோடை மாற்றிப் பாருங்கள்.

முழு வேகம் என்றால், தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய ஜம்பர் இன்னும் டெர்மினலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுக்காமலே தெர்மோஸ்டாட் ஒயரையும் சேர்த்து மாட்டியவர்கள் நிறையப் பேர். அது இல்லையென்றால், ஒயரின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, ஒரு இழைக்கும் மறு இழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இருந்தால், சுவரில் அடித்த ஸ்டேபிள் பின் இரண்டு இழையையும் குத்திச் சேர்த்திருக்கும்.

கேள்வி: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டேன். அது சி ஒயர் கேட்கிறது, ஸ்டவ்வில் அப்படி எதுவும் இல்லையே?

பதில்: இருக்காது. சி ஒயர் என்பது தெர்மோஸ்டாட்டுக்கே கரண்டு கொடுக்கும் ஒயர். அந்தத் தெர்மோஸ்டாட் விடாமல் 24 வோல்ட் மாறுமின்சாரம் எதிர்பார்க்கிறது, ஸ்டவ்வின் இரண்டு டெர்மினல் அதற்குத் தீனி போடாது. எளிய வழி, பேட்டரியில் ஓடும் சாதாரணத் தெர்மோஸ்டாட். ஸ்மார்ட்தான் வேண்டுமென்றால் தனியாக ஒரு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும், 24 வோல்ட் மாறுமின்சாரக் காயில் உள்ள ரிலேயும் (காயிலில் கரண்டு வந்தால் தானே சேரும் சுவிட்சு) வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனை ஆருக்கு, மறுமுனை சிக்கு. ரிலே காயில் டபிள்யூவுக்கும் சிக்கும் நடுவில். ரிலேயின் சாதாரணமாகத் திறந்திருக்கும் கான்டாக்ட் மட்டும் ஸ்டவ் டெர்மினலுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் கரண்டு ஸ்டவ்வைத் தொடவே கூடாது. தொட்டால் போர்டு போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரின் மெயின் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய எலெக்ட்ரிக் ஹீட்டரின் சுவர்த் தெர்மோஸ்டாட் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அது மெயின் கரண்டுக்குச் செய்தது. ஸ்டவ்வின் சிறு கரண்டுக்கு அதன் கான்டாக்ட் ஒழுங்காகச் சேராது. அந்தச் சுவர்ப் பெட்டியில் பழைய மெயின் ஒயர் உயிரோடு இருந்தால் ஆபத்து வேறு.

கேள்வி: ஸ்டவ் அடிக்கடி பற்றி அணைகிறது. ஒயரை மாற்ற வேண்டுமா?

பதில்: ஒயரில் தளர்ந்த ஸ்குரூ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் காரணம் செட்டிங். கேஸ் ஃபர்னஸுக்காகச் செய்த தெர்மோஸ்டாட், மணிக்குப் பல தடவை பற்றவைத்து அணைக்கத் தயங்காது. பெல்லட் ஸ்டவ் அப்படியில்லை: பற்றவே பல நிமிடம் ஆகும், ஒவ்வொரு முறையும் இக்னைட்டர் தேயும். மணிக்கு எத்தனை சுற்று என்ற செட்டிங் இருந்தால் 1 வையுங்கள். வெப்பநிலை வித்தியாசம் என்று இருந்தால் ஒரு டிகிரி செல்சியஸோ கொஞ்சம் கூடவோ வையுங்கள். ஸ்டவ்வின் சூடான காற்று நேராகத் தெர்மோஸ்டாட் மேல் அடிக்கிறதா என்றும் பாருங்கள். அடித்தால் எந்தச் செட்டிங்கும் உதவாது, இடத்தை மாற்றத்தான் வேண்டும். வெயில் படாத உள்சுவரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் நல்ல இடம்.

கேள்வி: தெர்மோஸ்டாட் அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: கூடாது. சட்டியில் மிச்சமிருக்கும் பெல்லட் எரிந்து தீர்ந்து, ஸ்டவ்வின் உடம்பு ஆறும் வரை ஃபேன் ஓடத்தான் வேண்டும். நடுவில் பிடுங்கினால் புகை வீட்டுக்குள் வரும்.