கூட்டுக்குள் கரையும் பட்டுச் சுரப்பி: வாசகர் கேள்வி, பதில்

ஐயா, நாங்கள் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். அங்காடிக்குப் போகாமல் நின்ற ஒரு கூட்டை என் மகள் வெட்டிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய புழு பழுப்பு நிறத்தில் இத்தனை சிறிதாக எப்படிச் சுருங்கியது, நூல் விட்ட உறுப்பு எங்கே போனது என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
(வாசகி, மாரண்டஅள்ளி)

உங்கள் மகளைப் பாராட்டுகிறேன் அம்மா. தருமபுரி அங்காடியில் தினமும் கூடு ஏலம் போகிறது. உள்ளே இருக்கும் உயிருக்கு என்ன ஆகிறது என்று கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது.

சுருங்கியதற்குப் பாதிக் காரணம் உங்களுக்கே தெரியும். பழுத்த புழுவைச் சந்திரிகையில் (கூடு கட்ட விடும் மூங்கில் தட்டு) விட்டதும் அது குடலைக் காலிசெய்து சிறுநீரும் கழித்துவிடுகிறது. பிறகு பட்டும் வெளியே போய்விடுகிறது. மீதிப் பாதிதான் சுவையான விஷயம்.

கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில், கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவப் புழுக்களை விவசாயிகளிடம் வாங்கிவந்து மாணவர்களுக்கு அறுத்துக் காட்டுவேன். உடம்பின் இரு பக்கமும் மடங்கி மடங்கி, பளபளவென்று இரண்டு நீளக் குழாய்கள் இருக்கும். அவைதான் பட்டுச் சுரப்பிகள். நடுப்பகுதி செரிசின் என்ற பசையைத் தருகிறது. பின்பகுதி ஃபைப்ராயின் என்ற நூல் புரதத்தைச் செய்கிறது. ஒரு சுரப்பியின் பின்பகுதியில் சுமார் 500 செல்கள்தான் உண்டு. புழு முட்டைக்குள் இருக்கும்போதே அந்த எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு அவை இரண்டாகப் பிரிவதே இல்லை. டிஎன்ஏ மட்டும் 17 முதல் 19 முறை வரை இரட்டித்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரே செல்லுக்குள் மரபுத்தொகுதியின் பிரதிகள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். உட்கரு உருண்டையாக இருக்க முடியாமல் கிளை கிளையாகச் செல் முழுக்கப் பரவும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் மாணவர்கள் இது செல்தானா என்று கேட்பார்கள்.

இத்தனை பெரிதாக வளர்ந்த செல் நூல் விட்டு முடித்ததும் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. எக்டைசோன் என்ற ஹார்மோன் ஏறுவதுதான் அதற்கு உத்தரவு. செல்லுக்குள் இரட்டைச் சவ்வு ஒன்று கிண்ணம்போல் வளைந்து, பழைய புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் சூழ்ந்து மூடிக்கொள்கிறது. அந்தப் பை, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பையுடன் சேர்ந்ததும் அந்த நொதிகள் உள்ளே இருப்பதை அமினோ அமிலங்களாக உடைத்துப்போடும். இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். ஓட்டு வீட்டைப் பிரிக்கிறவர் ஓடு, உத்தரம், நிலைக்கதவு எல்லாவற்றையும் புது வீட்டுக்கு எடுத்து வைப்பதில்லையா, அதே கணக்குதான். இத்தாலியில் வரேசே நகரில் உள்ள இன்சுப்ரியா பல்கலைக்கழகக் குழு 2017இல் இதன் வரிசையைத் துல்லியமாகக் காட்டியது. புழு கூடு கட்டும்போதே ஆட்டோஃபேஜி தொடங்குகிறது. செல்லைக் கொன்று முடிக்கும் அப்போப்டோசிஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது. கூட்டுப்புழுவான சில நாட்களில் சுரப்பி இருந்த இடமே தெரியாது.

அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. அதன் சிறகு, உணர்கொம்பு, அது இடும் நானூறு ஐந்நூறு முட்டை எல்லாமே புழுவாக இருந்தபோது தின்ற மல்பெரி தழையிலிருந்து வந்தவை. கரைந்த சுரப்பியின் சத்தும் அதில் சேர்த்தி. இதை மகளிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு சேதி. இந்த மாற்றம் நடக்க, புழுவை இளமையிலேயே நிறுத்திவைக்கும் ஜுவனைல் ஹார்மோன் குறைந்தாக வேண்டும். வட இத்தாலியில் பழத்தோட்டங்களில் அடித்த ஃபெனாக்சிகார்ப் என்ற மருந்து அதே ஹார்மோனைப்போல வேலை செய்தது. காற்றில் வந்து மல்பெரியில் படிந்ததால் புழுக்கள் கூடு கட்டாமலேயே நின்றன. நம் பக்கம் மாந்தோப்பும் மல்பெரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்து அடிக்கும் நாளையும் மருந்தின் பெயரையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் பட்டினி இருந்தால் உடம்பு தன் புற்றுசெல்களைத் தானே தின்றுவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சர்க்கரை மாத்திரை போடும் என் அப்பா ஆரம்பிக்கப்போகிறேன் என்கிறார். விடலாமா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

விடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட வேண்டாம்.

நோபல் பரிசு உண்மை. 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது, மேலே நான் சொன்ன அதே ஆட்டோஃபேஜிக்காக. ஆனால் அவர் பார்த்தது ஈஸ்ட். செரிக்கும் நொதி இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டு, செரிக்காமல் குவிந்த பைகளை நுண்ணோக்கியில் கண்டார். 1993இல் அவரும் அவர் மாணவியும் இதற்கு வேண்டிய 15 மரபணுக்களை வெளியிட்டார்கள். மனிதர்கள் எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வில் ஒரு வரியும் கிடையாது.

பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடும் என்பது சரி. 2004இல் எலிகளில் அதைக் காட்டினார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. எலிக்குட்டி பிறந்ததும் தொப்புள்கொடி வழி வந்த உணவு நின்றுபோகிறது. தாய்ப்பாலிலிருந்து போதிய சத்து சேரும் வரை குட்டியின் செல்கள் ஆட்டோஃபேஜியால்தான் தாக்குப்பிடிக்கின்றன. அதற்கான ஏடிஜி5 மரபணு இல்லாத குட்டிகள் ஒரு நாளுக்குள் இறந்தன.

ஆக, இது பஞ்ச காலத்தில் செல் உயிர்பிழைக்கும் வழி. புற்றுசெல்லும் ஒரு செல்தானே? ரத்தம் சரியாகப் போய்ச் சேராத கட்டிக்குள் அதுவும் இதே வழியில் பிழைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஹைட்ராக்சிக்ளோரோக்வின் என்ற மருந்தைக் கொடுத்து ஆட்டோஃபேஜியைத் தடுத்துப் பார்க்கும் புற்றுநோய் ஆய்வுகள் நடக்கின்றன. அந்தச் செய்தியைப் பரப்புகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது.

அப்பா போடுவது கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையா என்று அட்டையைப் பாருங்கள். அவை சாப்பிடாதபோதும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வரும், மயங்கியும் விழலாம். சரி, எடை குறைய வேண்டும் என்பது அவர் ஆசையானால், அதையே மருத்துவரிடம் சொல்லி உணவு முறை கேட்கச் சொல்லுங்கள்.

உடம்புக்குள் செல் செத்தால் சீழ் பிடிக்காதா?
(பிளஸ் டூ மாணவர், பென்னாகரம்)

எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்தது, தம்பி. அடிபட்டோ நஞ்சாலோ வெடித்துச் செத்தால் உள்ளிருப்பது வெளியே கொட்டி வீக்கம் வரும். கிருமியும் சேர்ந்தால் சீழ் பிடிக்கும். அப்போப்டோசிஸில் செல் சவ்வு கிழியாமல் சிறு துண்டுகளாக உடைகிறது. சவ்வின் உள்பக்கம் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறு வெளிப்பக்கம் திரும்பும். அந்த அடையாளத்தைக் கண்டு பக்கத்துச் செல்கள் துண்டுகளை விழுங்கிவிடும். சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு வளரும்போது 1,090 உடல் செல்கள் உருவாகின்றன. அவற்றில் 131 இப்படியே சாகின்றன. எந்தச் செல், எப்போது என்பதுகூட மாறுவதில்லை. இந்தப் புழு ஆய்வுகளுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. தாயின் வயிற்றில் உன் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வும் இதே முறையில்தான் மறைந்தது.