வாசகர் கேள்வி: பழைய சிங்கப்பூர் இருக்கிறதா?

கேள்வி: 2005 வரை சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். இப்போது மனைவியோடு சுற்றிப்பார்க்க வருகிறேன். என்னென்ன மாறியிருக்கும்? பத்திரமாக வைத்திருக்கும் ஈசி-லிங்க் பயணக் கட்டண அட்டை செல்லுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: செல்லாது. விசா அல்லது மாஸ்டர்கார்ட் வங்கி அட்டையையே ரயிலிலும் பேருந்திலும் தட்டலாம். புறப்படுமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் திறந்துவிடுங்கள். பலருடைய அட்டை இங்கே மறுக்கப்படுவது இதனால்தான். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது தட்டியதையே இறங்கும்போதும் தட்டுங்கள். மறந்தால் அதிகக் கட்டணம் பிடிப்பார்கள்.

குடிநுழைவுக்காக விமானத்தில் நிரப்பிய வெள்ளைத்தாள் இப்போது இல்லை. அதற்குப் பதிலான மின்னியல் வருகை அட்டையை, வந்திறங்குமுன், அந்த நாள் உட்பட மூன்று நாள்களுக்குள் குடிநுழைவு ஆணையத் தளத்தில் நிரப்புங்கள். இலவசம்தான். பணம் கேட்டால் அது போலித் தளம்.

நீங்கள் பார்த்த மரினா பே இன்று கடலல்ல. 2008-இல் திறந்த மரினா தடுப்பணை அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டது. மழைநீரைச் சேர்க்கவும் தாழ்பகுதிகளில் வெள்ளம் தடுக்கவும் கட்டியது. உப்புக்காற்றுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையும் அதன் உணவங்காடியும் அங்கேயே இருக்கின்றன. சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்து வையுங்கள். உணவங்காடிகளில் 2021 முதல் அது கட்டாயம். வார இறுதியில் லிட்டில் இந்தியாவின் பொதுவெளியில் மது அருந்தவும் தடை.